சவுந்தரநாயகத்தின் ஈப்பெட்டி

கொட்டாஞ்சேனையில் அந்த வருடம் ஈக்கள் படுத்திய பாட்டைச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். யுத்த காலம் என்றபடியால் ஆமிக்காரர் துறைமுகப் பக்கத்து வீதிகளை எல்லாம் தார்ப்பீப்பாய் வைத்து மறித்துவிட்டார்கள். குப்பை லொறி உள்ளே வருவதென்றால் மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டும். லொறிக்காரனுக்கு என்ன பைத்தியமா? பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் பெரிய காரியம். ஒழுங்கை முனையில் மீன்தலையும் பலாச்சக்கையும் குவிந்து கிடக்க, அங்கே தின்று முடித்த ஈக்கள் சவுந்தரநாயகத்தின் வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேசைக்கு நேரே இருந்த யன்னல் கண்ணாடியில் கறுப்பாய் அப்பிக்கொண்டு இருந்தன.

சவுந்தரநாயகம் பென்சன் எடுத்து மூன்று வருடம். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் பைல்கள் அடுக்கிய கோவை அறைக்குப் பொறுப்பான கிளாக். எந்தக் கோவை எந்த இறாக்கையில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார் என்று அந்தக் காலத்தில் பெயர். பென்சன் எடுத்தபிறகு எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. மனுசன் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து மனைவி மெற்றில்டாவின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஈக்கள் வந்து கைகொடுத்தன.

முதலில் சவர்க்காரத் தண்ணீரைப் போத்தலில் வைத்துப் பார்த்தார். ஈக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு சீனிப்பாணித் தட்டு வைத்தார். ஒழுங்கையில் இருந்த மிச்ச ஈயும் உள்ளே வந்தது. மெற்றில்டா தட்டைத் தூக்கிக் குசினி வாசலால் வீசினாள். வழி காட்டியது கனகேஸ்வரிதான்.

கனகேஸ்வரி அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த பிள்ளை. முப்பத்துநாலு வயது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணம் முடித்து நாலு வருடம், மாப்பிள்ளை கனடாவில். கொழும்புக்கு வந்து எட்டு மாதமாக எம்பஸிக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். வேலை இல்லாதவளும் வேலை போனவரும் யன்னலடியில் கதிரை போட்டு உட்கார்ந்து ஈ பார்த்தார்கள்.

"மாமா, வடிவாப் பாருங்கோ. கண்ணாடியில இருக்கிற ஈ கீழ திரும்பாது. தடக்கினாலும் மேலதான் ஏறும்."

அவ்வளவுதான். சவுந்தரநாயகத்துக்கு மூளையில் விளக்குப் பற்றிவிட்டது. கண்ணாடியின் நடுவில், அதன் முழு அகலத்துக்கும், தட்டையாக ஒரு பெட்டி. கண்ணாடியோடு ஒட்டுகிற பக்கம் திறப்பு. கீழ்ப்பக்கத்தில் தன்னுடைய பழைய நெஞ்சு எக்ஸ்றேயைச் சரிவாக வெட்டி ஒட்டினார். கண்ணாடிக்கும் எக்ஸ்றேக்கும் இடையே ஒரு ஈ நுழையும் அளவுக்கு மாத்திரம் இடைவெளி. ஈ கண்ணாடியில் ஏறும், இடைவெளியால் உள்ளே போகும், திரும்பி வர அதற்குத் தெரியாது. உள்ளே போனதெல்லாம் உயிரோடு நின்று இரைவதை மெற்றில்டா விரும்பவில்லை. அதனால் பெட்டியின் உட்சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் பலாப்பாலையும் தேங்காயெண்ணெயையும் காய்ச்சிப் பூசுவதென்று முடிவானது. சாதாரணக் கொப்பித் தாள் எண்ணெயில் ஊறித் தொங்கிவிட்டது. தடித்த தாள் வேண்டியிருந்தது.

கொழும்பில் அந்த நாளில் தமிழர் வீடு என்றால் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று சாமி படம், மற்றது பொலிஸ் லிஸ்ட். வீட்டில் இருக்கிறவர்களின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, பொலிஸ் நிலையத்தில் சீல் குத்தி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். ஆமியும் பொலிசும் சுற்றிவளைப்புக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். லிஸ்டில் பெயர் இருந்தால் ஆள் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஜீப்பில் ஏறவேண்டியதுதான். சவுந்தரநாயகத்தின் வீட்டு லிஸ்ட் ஆணியில் கொழுவிய பிளாஸ்டிக் கோவையில் இருந்தது. போன வருடத்து லிஸ்டும் அதற்குள்ளேயே. நல்ல தடித்த தாள், பின்பக்கம் வெள்ளை.

"பழைய லிஸ்டை எடுக்கட்டே?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"எடுங்கோ, ஆருக்கு வேணும் அது" என்றாள் மெற்றில்டா.

கந்தோரில் முப்பத்தொரு வருடமும் புதுக் கடிதம் கோவையின் அடியில் போகும், பழையது மேலே இருக்கும். கோவையைத் திறந்தார், மேலே இருந்த தாளை உருவினார். மூக்குக்கண்ணாடி போடவில்லை, கோவை விஷயத்தில் கண்ணாடி போட்டுப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. மெற்றில்டா கந்தோரில் வேலை செய்தவள் அல்ல. ஆமிக்காரன் தாளைப் புரட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று புது லிஸ்டை மேலே வைத்திருந்தாள். எழுத்துப் பக்கத்தில் மாப்பசை தடவி மட்டையில் ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் பலாப்பால் பூசி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியை யன்னலில் ஏற்றினார். இருட்டுவதற்கிடையில் இருபத்தாறு ஈ. கனகேஸ்வரி எண்ணிச் சொன்னாள். மனுசனுக்குப் பெருமை பிடிபடவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு எம்பஸியில் நேர்முகம் என்பதைக்கூட அன்றைக்கு இரண்டு பேரும் மறந்து சிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுற்றிவளைத்தார்கள். பொலிஸ் சார்ஜன் ஒருவர், ஆமிக்காரர் இரண்டு பேர், ஒரு பெண் பொலிஸ். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். கனகேஸ்வரியின் அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் சார்ஜன் லிஸ்டைக் கேட்டார். சவுந்தரநாயகம் அலட்சியமாகப் போய்க் கோவையைத் திறந்து நீட்டினார்.

சார்ஜன் விரலால் பெயர்களைத் தொட்டு வாசித்தார். சவுந்தரநாயகம். மெற்றில்டா. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. "இது போன வருசத்து லிஸ்ட்" என்று சிங்களத்தில் சொன்னார். "இந்த வருசத்தையது எங்கே?"

அந்த நிமிசமே சவுந்தரநாயகத்துக்கு விளங்கிவிட்டது. லிஸ்ட் நாலு அடி தூரத்தில், யன்னலில், ஈக்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தது.

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். ஆனால் போன வருடம் ஒரு சோதனைச் சாவடியில், அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உரிந்திருந்த குற்றத்துக்காக, கையைத் தூக்கியபடி ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருக்குக் கீழே வேலை செய்த பியோன் அந்த வழியால் போனான், பார்த்தும் பார்க்காதவன் மாதிரி. பிளாஸ்டிக்குக்கே அந்தப் பாடு என்றால், அரசாங்க சீல் குத்திய தாளில் ஈ பிடித்தவனுக்கு என்ன நடக்கும்? மெற்றில்டாவுக்கு முன்னால் கன்னத்தில் விழும். அவர் வாயில் வந்தது வேறு.

"போன கிழமை இந்தப் பிள்ளை எம்பஸிக்குக் கொப்பி எடுக்கவென்று கொண்டுபோனது, சேர்" என்றார் சிங்களத்தில், நல்ல சரளமாக. "திருப்பிக் கொண்டுவந்து வைக்கவில்லைப் போல."

கொண்டுபோனது உண்மை. அன்றைக்கே கொண்டுவந்து வைத்ததும் உண்மை, அவரே கண்டவர். கனகேஸ்வரிக்குச் சிங்களம் கொஞ்சம்தான் பிடிபடும் என்றாலும் கொப்பி என்ற சொல் விளங்கியது.

"நான் கொழுவினனான் மாமா" என்றாள். "அண்டைக்கே கொழுவினனான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சார்ஜன் கெட்டவர் என்று சொல்லமுடியாது. நிலையத்தில் இருக்கும் பிரதி, கிளாக்கின் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது, கிளாக் திங்கட்கிழமைதான் வருவார், அதற்குள் லிஸ்டைத் தேடிக் கொண்டுவந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் அவளை ஏற்றினார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நேர்முகம். தவறினால் இன்னொரு திகதி எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. மெற்றில்டா ஜீப்புக்குப் பின்னால் ஒழுங்கை முனை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினாள்.

திரும்பி வந்தவள் தேடத் தொடங்கினாள். அலுமாரியை இழுத்தாள். மெத்தையைப் புரட்டினாள். கனகேஸ்வரியின் சூட்கேசைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக உதறினாள். சவுந்தரநாயகம் என்ன செய்தார் தெரியுமா? அவரும் தேடினார். முழங்காலில் நின்று கட்டிலுக்குக் கீழே ரோச்லைற் அடித்துப் பார்த்தார். அரிசி வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். யன்னல் பக்கம் மாத்திரம் போகவில்லை. ஒரு பொய்யை வாயால் சொல்வது ஒரு நிமிச வேலை. அதை உடம்பால் நாள் முழுக்க நடித்துக் காட்டுவது இருக்கிறதே, அந்த வெட்கத்தை எழுத எனக்கே கை கூசுகிறது.

"பிள்ளை நல்ல பிள்ளைதான்" என்றாள் மெற்றில்டா, வியர்த்துப்போய்க் கதிரையில் விழுந்து. "ஆனா கவனமில்லை. இப்பிடியொரு கடுதாசியை ஆரும் துலைப்பினமே?"

"ம்" என்றார் அவர்.

மத்தியானம் சமைக்கவில்லை. மூன்று மணிக்கு மெற்றில்டா முகம் கழுவிச் சேலை மாற்றினாள். "வெளிக்கிடுங்கோ. அந்தோனியாரிட்டப் போவம்."

கொட்டாஞ்சேனையில் ஒரு சாமான் காணாமற்போனால் தேடிப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் கொச்சிக்கடைத் தேவாலயத்து அந்தோனியாரிடம் சொல்வார்கள். தொலைந்த மோதிரம், பாஸ்போட், வீட்டை விட்டு ஓடின மருமகன், எல்லாவற்றையும் அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சைவக்காரரும் போவார்கள், முஸ்லிம்களும் போவார்கள். சவுந்தரநாயகம் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிப் பார்த்தார். "வயித்துக்கும் சேர்த்து மண்டாடுங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கோயிலில் சனம் நிறைந்திருந்தது. மெற்றில்டா மெழுகுதிரி கொளுத்தி, சுரூபத்தின் கண்ணாடிப் பேழையில் கை வைத்து, கண்ணை மூடி, சத்தமாகவே மன்றாடினாள். "அந்தோனியாரே, ஊர்பேர் தெரியாத இடத்தில அந்தப் பிள்ளை அம்பிட்டுப்போய் இருக்கு. அந்தக் கடுதாசி எங்க கிடந்தாலும் எடுத்துத் தாரும்." பிறகு கணவனின் கையைப் பிடித்துப் பேழையில் வைத்தாள். "நீங்களும் கேளுங்கோ. பக்தியோட கேளுங்கோ."

சவுந்தரநாயகம் வாயைத் திறந்தார். பொலிஸ்காரனிடம் பொய் சொன்னார், மனைவியிடம் பொய் சொன்னார், அதெல்லாம் முடிந்தது. ஆனால் எங்கே இருக்கிறதென்று தனக்கே தெரிந்த சாமானைத் தேடித் தரச் சொல்லிப் புனிதரிடம் எப்படிக் கேட்பது? பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி அவர் கண்ணீர் விடுவதைக் கண்டு, பாவம், பெரிய கஷ்டம் போல என்று வழி விட்டாள். அவருக்கு அதுவும் வெட்கமாக இருந்தது.

"மெற்றில்டா" என்றார். "அது யன்னலில இருக்கு."

"எது?"

"லிஸ்ட். ஈப்பெட்டிக்குள்ள. நான்தான் மாறி எடுத்திட்டன்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அவங்கள் கேக்கேக்கயே தெரியும்."

மெற்றில்டா பேழையில் இருந்த தன் கையை எடுத்தாள். அவருடைய கையையும் எடுத்துவிட்டாள். வரும்போது அவருடைய கையைப் பிடித்து வந்தவள், போகும்போது பத்தடி முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே பெட்டியை யன்னலிலிருந்து பிடுங்கினாள். மட்டையை ஈரத்துணியில் சுற்றி ஊறவைத்து, கத்தி முனையால் தாளை இம்மி இம்மியாகக் கழற்றினார்கள். கனகேஸ்வரியின் பெயரும் இலக்கமும் தப்பிவிட்டன. சீல் ஊதாவாய்ப் பரந்துபோய் இருந்தது. பின்பக்கத்தில் நாற்பதுக்கு மேல் ஈ. இழுத்தால் தாள் கிழியும், அதனால் ஈக்களைச் செட்டையோடு அப்படியே விட்டார்கள். "இப்பவே கொண்டு போங்கோ" என்றாள் மெற்றில்டா. ஈரம் காயட்டும், பொழுது பட்டுவிட்டது, சாவடியில் மறிப்பார்கள் என்றார் அவர். ஈரத்தோடும் கொண்டுபோயிருக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை வாழையிலையில் வைத்துச் சுற்றிய பண்டம் மாதிரி அந்தத் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். நேற்றைய சார்ஜன்தான் இருந்தார். சவுந்தரநாயகம் தாளை மேசையில் வைத்தார். மேசையில் விரித்திருந்த பத்திரிகையோடு அது ஒட்டிக்கொண்டது. சார்ஜன் தாளைத் தூக்க, பத்திரிகையும் சேர்ந்து எழும்பியது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஈயின் கால் இன்னும் ஆடிக்கொண்டு இருந்தது.

"மொனவத மே?" என்றார். என்ன இது?

சவுந்தரநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தார். கன்னத்தில் விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. சார்ஜன் சிரித்தார். நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்ட, அவர்களும் சிரித்தார்கள். தன்னுடைய வீட்டிலும் ஈத் தொல்லைதான் என்று சொல்லி, பெட்டியை ஒரு தாளில் கீறிக் காட்டச் சொன்னார் சார்ஜன். சவுந்தரநாயகம் கீறினார். எக்ஸ்றேயின் சரிவு, ஈ நுழையும் இடைவெளி, எல்லாம் கீறிக் காட்டினார். "ஐயோ மாத்தயா, இதை நேற்று வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் சார்ஜன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் பயந்த அடி அதுதான். ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அந்தப் பெண்ணை ஒரு பகலும் ஒரு இரவும் சீமெந்துத் தரையில் இருத்தி வைத்தார். அறைந்திருந்தால்கூட மனுசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கனகேஸ்வரி வெளியே வந்தாள். தலை கலைந்திருந்தது. சேலைத் தலைப்பால் போர்த்திருந்தாள். அவர்கள் சிங்களத்தில் சிரித்துக் கதைத்தது அவளுக்கு விளங்கவில்லை. ஓட்டோவில் ஏறியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. உங்களுக்கும் மாமிக்கும் எவ்வளவு கரைச்சல். எங்க கிடந்தது?"

அவர் ஓட்டோக்காரனுக்கு வீட்டுக்கு வழி சொன்னார்.

"கொப்பி எடுத்திட்டு வந்து ஆணியில கொழுவினது எனக்கு நல்ல ஞாபகம்" என்றாள். "அண்டைக்கு மழை. கோவையைத் துடைச்சுப்போட்டுக் கொழுவினனான். ஆனா நீங்கள் சொன்னா அது பிழையா இராதுதானே. இருந்து யோசிச்சு யோசிச்சு, நான் கொழுவேல்லைத்தான் எண்டு முடிவுக்கு வந்திட்டன். துலைச்சது நான் எண்டு கையெழுத்தும் வச்சுக் குடுத்தன்." சேலைத் தலைப்பை இன்னும் இழுத்துப் போர்த்தாள். "இப்ப எனக்கு ஒண்டுமே நிச்சயமில்லை மாமா. நாளைக்கு எம்பஸியில அவங்கள் கேக்கிறது முழுக்க ஞாபகம்தானே? கலியாணத் திகதி, தாலி கட்டின நேரம், ஆர் ஆர் வந்தது. பிழையாச் சொன்னா இது பொய்க் கலியாணம் எண்டு மறுத்துப்போடுவாங்கள். ராத்திரி சொல்லிப் பாத்தன். ஒவ்வொருக்கா ஒவ்வொண்டு வருது. என்ர மண்டைக்கு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை."

இதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு இரவை மட்டும் எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தார். பிள்ளை தன்னையே நம்பமுடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தால் இன்னும் அவர் நல்ல மாமாதான். தேடி எடுத்து வந்து மீட்ட மாமா. அவள் கை இன்னும் அவர் கையில் இருந்தது.

"உம்மட மண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை" என்றார். "நீர் கொழுவினது சரி. மழை, துடைச்சது, எல்லாம் சரி. நான் கண்டனான். பழைய லிஸ்ட் எண்டு நினைச்சு நான்தான் ஈப்பெட்டிக்குள்ள ஒட்டினது. அவங்கள் கேட்ட உடன எனக்குத் தெரியும். பயத்தில உம்மில போட்டன்."

ஓட்டோ ஒரு சாவடியில் நின்றது, அட்டைகளைக் காட்டினார்கள், மறுபடி ஓடியது.

"அப்ப நான் கொழுவினனான்தானே?" என்றாள்.

"ஓம்."

"அந்த ஆணியிலதானே?"

"அந்த ஆணியிலதான்."

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். முகத்தில் இரத்தம் திரும்பி ஓடியதை அவர் கண்ணால் கண்டார். அவள் திட்டியிருந்தால், அழுதிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவளுக்குச் சந்தோசமாக இருந்ததைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அவள் தன் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தபடி, கலியாணத் திகதியையும் முகூர்த்த நேரத்தையும் வந்தவர்களின் பெயர்களையும் தனக்குத்தானே சொல்லத் தொடங்கினாள். ஒன்றும் தடக்கவில்லை. வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் எம்பஸியிலிருந்து திரும்பி வந்தாள். எல்லாம் சரி, விசா தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மெற்றில்டா கட்டிப்பிடித்து அழுதாள். சோறு போட்டு வைத்துக்கொண்டு, என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னாள். கனகேஸ்வரி சொன்னாள். மேசையின் மற்றப் பக்கத்தில் சவுந்தரநாயகம் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கொழும்பில ஆரோட இருக்கிறீர், சொந்தக்காரரோ எண்டும் கேட்டவங்கள் மாமி."

"நீ என்ன சொன்னனீ?"

"இல்லை, வாடகைக்கு இருக்கிறன் எண்டு சொன்னன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். சவுந்தரநாயகம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் கை கழுவப் போனார்.